பதினேழாவது அசைன்மென்ட்

பதினேழாவது அசைன்மென்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, பேராசிரியை மறுபடியும் முகப்புத் தாளைப் பார்த்தார். சந்தேகமே இல்லை, ரேடியோவின் பெயர்தான். வாய் ஓயாத அந்தப் பெண்ணுக்கு வகுப்பே சேர்ந்து வைத்த பட்டப்பெயர் அது.

பாடத்தின் பெயர் ‘அறிவியல் அறிஞர்களின் வாழ்வும் பணியும்’. முதலாண்டில் எல்லாருக்கும் கட்டாயம். இதில் யாரும் ஃபெயிலாவதில்லை, அதனால் யாரும் படிப்பதுமில்லை. பிறந்த வருடம், கண்டுபிடிப்பு, வாங்கிய பரிசு என்று இணையத்திலிருந்து அப்படியே இறக்கி, அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தத் திருட்டை ஒழிக்கத்தான் பேராசிரியை இந்த முறை ஒரு வேலை செய்தார். ஓர் அறிஞர் தன் கடைசி நாளில் எழுதும் கடிதமாகக் கற்பனை செய்து எழுதச் சொன்னார். இதை எங்கிருந்தும் காப்பியடிக்க முடியாது என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தார்.

பதினாறு பேர் அதையும் எங்கிருந்தோ இறக்கியே கொடுத்திருந்தார்கள். ரேடியோவின் கடிதம் வேறு மாதிரி இருந்தது. அணு உண்டு என்று ஆயுள் முழுக்க வாதாடி, மனம் சோர்ந்து, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஓர் இயற்பியல் அறிஞரை எடுத்திருந்தாள். முதல் பக்கம் அவருடைய கதைதான். இரண்டாம் பக்கத்தில் அந்த அறிஞர் பெண்கள் விடுதியில் இருந்தார்.

‘சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் போகிறார்கள். பசிக்கவில்லை என்கிறேன், யாரும் இன்னொரு முறை கேட்பதில்லை. அறையில் எந்நேரமும் பேச்சுச் சத்தம், அதில் எனக்கென்று ஒரு வார்த்தை கிடையாது. செவ்வாய் மதியம் எல்லாரும் லேபுக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் என் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.’

அன்று செவ்வாய். மணி இரண்டரை.

பேராசிரியை கைபேசியை எடுத்து ரேடியோவின் எண்ணைத் தேடினார். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இப்படித்தான் நாலு வரி எழுதியிருந்தான். பாடத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பத்துக்கு ஏழு போட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில் வாங்கிக்கொள்ள அவன் உயிரோடு இல்லை. அந்த ஏழு அவரை இன்னும் விட்டபாடில்லை.

ரேடியோவின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓயாமல் பேசுகிற பெண்ணுக்குள் இப்படி ஓர் ஊமைக்காயமா என்று தவித்தபடி, தாளும் கையுமாகப் படிகளில் இறங்கி ஓடினார்.

விடுதிக்குப் போகும் வழியில்தான் வேதியியல் லேப். வாசலில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டரிடம், எல்லாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். முப்பத்தாறு பேரில் ஒரு பெண் மட்டும் தலைவலி என்று வரவில்லை என்றார் அவர். பேராசிரியைக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது.

“ரேடியோவா?”

“அது லீவு போட்டா லேபே தூங்கிடும் மேடம். உள்ள கேக்குது பாருங்க.”

கேட்டது. பியூரெட்டை யார் முதலில் எடுப்பது என்று ரேடியோ யாரிடமோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வகுப்பில் நூறு தடவை அதட்டி அடக்கிய அந்தக் குரல், இப்போது காதில் தேனாகப் பாய்ந்தது.

அவளை வெளியே வரச் சொல்லி, வராந்தா பெஞ்சில் பக்கத்திலேயே உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ எழுதினதை முழுசா படிச்சேன்மா. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு. உன்னைத் தனியா விடமாட்டேன்.”

ரேடியோவின் முகம் வெளிறியது. மார்க்கைக் குறைத்துவிட வேண்டாம், அப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினாள். பேராசிரியை திட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் பெரிதாகச் சிரித்தாள். சிரிக்கிற பிள்ளைகளைத்தான் கவனிக்க வேண்டும் என்று, கல்லூரி நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் பேராசிரியைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் அந்தச் சிரிப்பைக் கவனித்தார்.

மனநல ஆலோசகரிடம் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். அப்பாவிடம் பக்குவமாகப் பேசுவதும் தன் பொறுப்பு, இரண்டு நாள் தன் வீட்டிலேயே வந்து தங்கிக்கொள்ளலாம் என்றார். ரேடியோ திருதிருவென்று விழித்தாள். எதுக்கு மேடம் இதெல்லாம் என்றாள்.

பேராசிரியை இரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். அவளே படிக்கட்டும், அழுகை வந்தால் அழுது தீர்க்கட்டும் என்று காத்திருந்தார். மணி மூன்றாகப் போகிறது. இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தபோது, மூன்று வருடத்தில் முதல்முறையாக அவருக்கு நெஞ்சு லேசானது.

ரேடியோ உதட்டை அசைத்துப் படித்தாள். பாதிப் பக்கத்தில் உதடு நின்றுவிட்டது. நிமிர்ந்து பேராசிரியையின் கையை இறுகப் பிடித்தாள்.

“நான் இதைப் படிக்கக்கூட இல்ல மேடம்... தலைவலின்னு எங்க ரூம்ல தனியா படுத்திருக்காளே, அவதான் எழுதிக் குடுத்தா.”