யாகப்பம்மாளின் கருப்பட்டி

தங்கச்சிமடத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது, வீட்டுக்காரிக்கு முன்பே யாகப்பம்மாளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வீட்டு ஜெபமாலை தன் ஆறு வயது மகள் பிலோமிக்கு இனிப்பையே கண்ணில் காட்டுவதில்லை என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். "கஞ்சப் பிசினாறி!" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதோடு விட்டாளா? தினமும் பிலோமியை வேலியோரம் கூப்பிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்துக் கையில் திணித்தாள்.

சந்தியாகப்பர் திருவிழாவன்று அதை ஜெபமாலையிடமே சொல்லிக் காட்டினாள்.

"என் கைராசியப் பாருடி! என் ஆடும் கொழுத்துருச்சு, உன் மக கன்னமும் பூசிருச்சு. எல்லாம் நான் ஒளிச்சுக் குடுத்த கருப்பட்டிதேன்!"

ஜெபமாலையின் கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது.

"அய்யோ மதினி! இனிப்பு அவளுக்கு வெசம். பழங்கூட ஆகாது. மூத்தவன் கருப்பட்டிக் கஞ்சியிலதேன் போனான். எங்க ரத்தத்துலயே வந்த சீக்குன்னு மதுரை டாக்டர் சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"உங்ககிட்டச் சொன்னா தெருவுக்கே தெரியும். பொம்பளப் பிள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்?"



ஜெபமாலை பக்கத்தில் நின்ற மகளைப் பிடித்து உலுக்கினாள். "தின்னியாடி?"

"இல்லம்மா. அந்த வாடையே எனக்கு ஆகாதுல்ல? எல்லாத்தையும் அத்தை ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

"பெறகு ஏன்டி வாங்குன?"

"வேணாம்னா அத்தை சங்கடப்படுவாகல்ல?"

வேலியோரம் ஆடு கத்தியது. பிலோமி கையை நீட்டினாள்.

"இன்னைக்கு உள்ளதக் குடுங்கத்தை, அது பாவம்."

முந்தானை முடிச்சை அவிழ்க்க யாகப்பம்மாளுக்குக் கை வரவில்லை.