நாத்தனார் கொண்டுவந்த வண்டி

"ஒண்ணு, பிள்ளையை இந்த வண்டியில போட்டுக் கண்ணு முன்னாடி வெச்சுக்கணும். இல்லேன்னா நான் கோலாசிப்புக்கு, என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விடுறேன்."

வந்து உட்காரக்கூட இல்லை, பியாக்கி அக்கா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

கூடவே ஒரு புத்தம் புதுத் தள்ளுவண்டி. இந்த ஐசால் மலையில் எங்கள் வீடுகள் சாலைக்குக் கீழே படிப்படியாக இறங்குகிறவை. அத்தனை படியும் அந்த வண்டியை அவள்தான் தோளில் சுமந்து இறங்கியிருந்தாள்.

அவள் தம்பி தங்கா தலையைக் குனிந்துகொண்டான். சுமோ ஓட்டுகிறவன். ஒரு சவாரி போனால் மறுநாள்தான் வீடு. 

அவன் மனைவி ருவாத்தி தையல் மெஷின் முன்னால் இருந்தாள். முதுகில் புவான் துணியில் கட்டிய குழந்தை தேரி, கன்னத்தை அம்மா தோளில் அழுத்தியபடி தூங்கிக்கொண்டிருந்தது. ருவாத்திக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அடுத்தவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், கையால் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அந்தக் கைப்பேச்சு அத்துப்படி. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தங்கா என்னைக் கூப்பிட்டிருந்தான்.

"நீயே சொல்லும்மா," என்றாள் பியாக்கி அக்கா என்னிடம். "முதுகுல கட்டினா பிள்ளை மூஞ்சி தெரியாது. அழுதா இவளுக்குக் கேக்கவும் கேக்காது. புருஷன் ஊர்ல இல்ல. பிள்ளை தொண்டை வத்தக் கத்தினாலும் இவ பாட்டுக்குத் தைச்சிட்டே இருப்பா."

"நம்ம அம்மாக்கள் எல்லாம் முதுகுல கட்டித்தானே வளர்த்தாங்க, அக்கா?"

"அவங்களுக்குக் காது இருந்துச்சு."

சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் வீட்டில் பிள்ளைச் சத்தம் இல்லாதவள். தம்பி பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சாக்கு வேண்டாமா? எனக்கா தெரியாது?

ருவாத்தி எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் புவான் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசினாள். நான் சொன்னேன்.

"வண்டியில போட்டா ஊசிக்கு நூல் கோக்கிற நேரம்கூட எனக்குப் பயமா இருக்கும்ங்கிறா. முதுகுல இருந்தா பயமில்லையாம்."

"இவளுக்குப் பயமில்ல, சரி. பிள்ளை கதி?"

பியாக்கி அக்கா எழுந்து, கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை எடுத்துத் தன் பையில் வைக்கத் தொடங்கினாள். தங்கா அப்போதும் தலை நிமிரவில்லை. அவனை நாலு அறை விடலாம் போல இருந்தது எனக்கு.

"எழுப்பாம மெதுவா அவுத்துக் குடு," என்றாள் அக்கா.

ருவாத்தி ஒரு விரலைத் தூக்கினாள், கொஞ்சம் பொறுங்கள் என்று. கெஞ்சுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ முடிச்சைத் தளர்த்தி, குழந்தையை இடுப்பு வழியாகச் சுற்றி மடிக்குக் கொண்டுவந்து, பாலூட்டத் தயாராகிவிட்டாள். குழந்தையின் கண் மூடியே இருந்தது.

"பாத்தியா?" என்றாள் பியாக்கி அக்கா. "நல்லாத் தூங்கற பிள்ளையைக் கலைக்கிறா. இதுக்குத்தான் சொல்றேன், ஒண்ணுமே தெரியல இவளு…"

குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. முகம் சுருங்கியது. வாயைத் திறந்து வீறிட்டது. அந்த அழுகை பாதிகூட வெளியே வரவில்லை, அதற்குள் வாயில் பால்.

காது கேட்கிற எங்கள் மூன்று பேருக்கும் அழுகை கேட்டதே அப்போதுதான்.

பியாக்கி அக்கா முதல் தடவையாக ருவாத்தியின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ருவாத்தியின் கை மெதுவாகப் பேசியது. நான் சொன்னேன்.

"அழறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்துப் பிடிப்பாளாம். வயிறு இறுகுமாம். கால் விரலை மடக்குவாளாம். எல்லாம் முதுகுல படுமாம். அழுகை வெளியே வந்தப்புறம்தான் நமக்குக் கேக்குது, தனக்கு அது உள்ளே கிளம்பறப்பவே கேட்டுடுதுங்கிறா."

 ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு, இத்தனை நாள் இந்தப் பெண்ணைப் பாவம் என்று நினைத்திருக்கிறேன்.

பியாக்கி அக்கா இன்னும் குனிந்தே இருந்தாள். "தூங்கறப்போ… மூச்சு விடுறது? அதுகூடத் தெரியுமா?"

ருவாத்தி தலையாட்டினாள். 'ஒவ்வொரு மூச்சும்' என்றது கை.

பியாக்கி அக்கா பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். தங்கா எல்லாருக்கும் டீ கொண்டுவந்தான். எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே.

"இப்போ வண்டியை என்ன பண்றது, அக்கா? தோட்டத்துல சௌசௌ நிறையக் காய்ச்சிருக்கு. ஏத்தித் தள்ளிக்கிட்டுப் போங்க. ஆனா படியேறணும்."

பதிலுக்குச் சுடச்சுட ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.  அவளோ குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கா அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

பிறகு அவள் ருவாத்திக்கு உதடு தெரியும்படி முகத்தைத் திருப்பினாள்.

"என் பையனைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்து காய் நறுக்கிட்டு இருந்தேன். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்கும். அவன் மூச்சு நின்னது மட்டும் கேக்கவே இல்ல."