பதினேழாம் வரிசை

ஜானகிராமன் சார் வரப்பில் வந்து நின்றாலே ஆதிலட்சுமி களைக்கொத்தை வேகவேகமாகப் போடுவாள். இன்றைக்கோ மனுஷர் நேராகப் பதினேழாம் வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகு கருவடிக்குப்பம் பக்கம் புதிதாகப் போட்ட மக்காச்சோள ஆராய்ச்சி வயல் அது. ஒவ்வொரு வரிசையும் ஒரு தனி ரகம். செடியின் மகரந்தத்தையே அதன் கதிருக்குத் தூவி, உறை மாட்டி, பல தலைமுறையாக ஒதுக்கி வளர்த்தவை. நோஞ்சானாகத்தான் இருக்கும். அதிலும் எது தேறுகிறது என்று பார்த்து, அதைத்தான் வீரிய ஒட்டு விதைக்குத் தாயாக எடுப்பார் சார்.

அதனால் எல்லா வரிசைக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். ஒரு குடம் கூடுதலாக ஊற்றியதற்கே போன வாரம் கூலியாள் அம்மாவாசையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பாழாய்ப்போன பதினேழு ஆதிலட்சுமியின் பொறுப்பில் இருந்தது. சவலைப் பிள்ளை மாதிரி நின்றது. தண்ணீர் காட்டாமல் ஏமாற்றுகிறாள் என்று தன்னையும் விரட்டிவிடுவாரோ என்ற பயத்தில், இருபது நாளாக மடியில் ஆட்டுப் புழுக்கையைக் கட்டிவந்து வேரடியில் புதைத்தாள். செடி மதமதவென்று கிளம்பிவிட்டது.

சார் தண்டைத் தொட்டுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. இதில் பிறக்கும் விதைதான் ஊர் ஊராகப் போகப்போகிறது என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. ஊர் ஊராக என்றால், அவள் புருஷன் வடிவேலின் குத்தகை நிலத்துக்கும்தானே? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அத்தனை குடியானவன் வாயிலும் மண். கடைசியில் சொல்லியேவிட்டாள்.

"ஐயா, இது ரகத்தோட வளத்தி இல்லீங்க. நான்தான் திருட்டுத்தனமா எரு போட்டுட்டேன்."

சாரின் முகம் வெளுத்தது. நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். தொலைந்தோம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"அபூர்வ ரகம் கிடைச்சிருக்குன்னு மேலே எழுதிப் போட்டுட்டேன். பத்து நாள்ல பாக்க வராங்க."

அவர் குரல் அவள் குரலைவிட அதிகமாக நடுங்கியது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சார் கிட்டே வந்து, காதோடு கேட்டார்:

"புழுக்கை இன்னும் இருக்காம்மா?"