சகலை கழற்றிய எஞ்சின்

கல்யாணமான புதிதில் அவள் கேட்ட சத்தம் அது. தகர டப்பாவுக்குள் சிக்கிய ராட்சத வண்டு போல ஒரு ரீங்காரம். எட்டிப் பார்த்தால், புழக்கடையில் புது மாப்பிள்ளை ஒரு முழ நீள ரிமோட் லாரியின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அதன் எஞ்சினில் ஒரு திருகை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பாடுது பார்" என்றார்.

இருபத்தாறு வருடம் பாடிய அந்த எஞ்சின், இன்று தங்கை வீட்டு மேசையில், பழைய செய்தித்தாளின் மேல் எண்ணெய் வடியக் கிடந்தது.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க தம்பி?"

தங்கையின் கணவன் நிமிரவில்லை. லிஃப்ட் மெக்கானிக், கை ஓயாதவன். லாரியின் வயிற்றில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டாரை வைத்தான். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, மோட்டாரைத் திருகால் இறுக்கி, காகிதத்தை உருவினான். அந்த மயிரிழை இடைவெளி இல்லாவிட்டால் பல் தேய்ந்துவிடுமாம்.

"பிரஷ்லெஸ் மோட்டார், அக்கா. புகை, எரிபொருள், திருகு எதுவும் வேண்டாம். பேட்டரியை மாட்டினா ஓடும்."

"அவர் பொண்ணு வீட்டுக்குப் போன பத்து நாள்ல இந்த வேலையா? பதினொரு வருஷமா லாரிப் பந்தயத்துல அவருக்குப் பின்னாடி ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்தீங்களே, அந்த வயித்தெரிச்சலா?"

"அப்படியே வச்சுக்குங்க."

"நானும் கத்திப் பார்த்துட்டேன்க்கா" என்றாள் தங்கை அடுப்படியிலிருந்து. "சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

சனிக்கிழமை மாலை அவள் கணவர் ஊர் திரும்பினார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். கோபம் வந்தால் பேச்சு சுருங்கிவிடும்.

"எஞ்சினைக் குடு."

"தரமாட்டேண்ணே. நாளைக்குப் பந்தயத்துல இதை ஓட்டுங்க."

"சகலைன்னு நம்பி லாரி ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போனேன், பார்."

மறுநாள் மேடும் பள்ளமுமான அந்த மண் திடலில் ரிமோட் லாரிச் சங்கத்து ஆட்கள் லாரியைச் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"என்னப்பா இது, மிக்ஸியைப் பூட்டி விட்டிருக்கான்?"

"எஞ்சினைத் திருடிட்டு மிக்ஸி குடுத்த சகலை."

விசையை அழுத்தியதும் லாரி பின்னால் ஓடியது. திடலே சிரித்தது. தங்கை கணவன் மண்டியிட்டு, மோட்டாரின் மூன்று ஒயர்களில் இரண்டை இடம் மாற்றிச் செருகினான். இப்போது முன்னால் போனது.

கொடி விழுந்தது. எட்டு எஞ்சின்கள் அலறின. அவர் லாரி சத்தமே இல்லாமல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு புறப்பட்டது. முதல் மேட்டில் மூன்று பேரைத் தாண்டியது. குட்டையைத் தொடாமல் பறந்தது. போன மூன்று பந்தயத்திலும் பாதியில் அணைந்து நின்ற அதே லாரி, கடைசிச் சுற்றில் தங்கை கணவனின் லாரியையும் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது.

ஐம்பத்து மூன்று வயது மனிதர் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார். மிக்ஸி என்று சொன்னவர்களே அவரைத் தோளில் தூக்கினார்கள்.

அவள் தங்கை கணவனிடம் போனாள்.

"உங்க கையாலேயே உங்களைத் தோக்கடிச்சுக்கிட்டீங்களே தம்பி. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே?"

அவன் சுற்றிலும் பார்த்தான்.

"அந்த எஞ்சினைக் காதாலதான்க்கா சரி பண்ண முடியும். சத்தம் மாறினா திருகைத் திருப்பணும். போன தடவை அது உயிர் போற மாதிரி கதறுது, அண்ணன் பக்கத்துல நின்னு நல்லா இருக்குங்கறார். அச்சு மெஷின் காதைத் தின்னுடுச்சு. கேட்டுட்டுச் செஞ்சா காரணம் சொல்லணுமே."

கூப்பிட்டால் அவர் திரும்பாததை, எல்லாக் கணவர்களுக்கும் உள்ள வியாதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"என்னைத் திட்டறதை மட்டும் நிறுத்திடாதீங்க அக்கா. நிறுத்தினா எல்லாரும் ஏன்னு யோசிப்பாங்க."

அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓட்டி, ஐந்து கோப்பை வாங்கினார். தங்கை கணவனுக்குச் சங்கத்தில் கடைசிவரை எஞ்சின் திருடன் என்றுதான் பெயர்.