கசூபா அம்மாவின் நாக்கு

கசாமாக் காட்டில் கசூபா அம்மாவின் நாக்குக்கு ஈடு கிடையாது, கண்ணுங்களா. முன்பல் ஒன்று இல்லாதவள். சருகில் முளைத்த பொடிக்காளானை ஓரமாகக் கடிப்பாள். விழுங்கினால் பறிப்போம், துப்பினால் விட்டுவிடுவோம். போன மழைக்காலத்தில் அவளைப் புதைத்தோம்.

இந்த மழைக்கு என்னோடு வந்த சிலேஷே, தன் பிள்ளைகளின் களிக்குத் தொட்டுக்கொள்ள, கூடை நிறையப் பறித்துவிட்டாள்.

"நல்லதுதானா அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"கடிச்சுப் பாருடி."

"ஏன், நீ கடியேன்! எனக்கு நாலு பிள்ளைங்க இருக்கு."

சிரித்தபடியே அடுத்த சருகை விலக்கினாள். அதே ரகக் காளான், ஓரம் கடிபட்டிருந்தது. நடுவில் ஒரு பல் அகலம் மட்டும் கடிபடாமல் நின்றது. பக்கத்தில், துப்பிய துண்டு ஈரம் காயாமல் கிடந்தது.

சிலேஷே கூடையைக் கவிழ்த்தாள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல இருவரும் மண்டியிட்டு மெல்லக் கைதட்டினோம்.

மரங்களுக்குள்ளே, இன்னும் கொஞ்சம் தள்ளி, யாரோ துப்பும் சத்தம் கேட்டது.