இரண்டு சிரட்டை கவா

நாகேஸ்வரியின் குசினியில் ஒருவன் கதிரையில் இருந்து, சிரட்டையில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தான்.

யோகா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசையில் ஒரு பெரிய சட்டி. அதில் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. வடித்த துணி, நாகேஸ்வரியின் புருஷன் அரியரத்தினத்தின் வேட்டிக் கிழிசல். கரை அப்படியே தெரிந்தது. வேலை முடிந்து வீதியைக் கடக்கும்போது கார் அடித்துச் செத்த மனுசன். இன்னும் இரண்டு வருடம் முடியவில்லை.

சிரட்டையைக் கண்டதும் யோகாவுக்கு ஊர்க் கள்ளுக்கொட்டில்தான் நினைவுக்கு வந்தது.

எழுபத்தாறாம் ஆண்டில் சிட்னியின் செவன் ஹில்ஸ் பக்கம் தமிழ்க் குடும்பம் ஐந்தோ ஆறோதான். எல்லா வீட்டிலும் ஒரு மாதமாக இதே கதை. புருஷனை இழந்தவள் வீட்டுக்குச் சனிக்கிழமை தோறும் ஒருவன் வந்து குடித்துவிட்டுப் போகிறானாம். கேட்டுவிட்டு வா என்று யோகாவை அனுப்பியிருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணு, அக்கா?" என்றான் அவன். பிஜியில் பிறந்தவனின் தடுமாறிய தமிழ்.

"ரெண்டு போதும், நாகராஜன். ரெயிலிலை போ. வழியிலை வேறை ஒண்டும் குடியாதை."

அவன் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யோகாவின் முகத்தைப் பாராமல் போனான்.

"கள்ளோ?" என்றாள் யோகா.

கள்ளில்லை என்றாள் நாகேஸ்வரி. பிஜியில் விளைகிற ஒரு செடியின் வேர். கவா என்று பெயர். தூளைத் தண்ணீரில் பிசைந்து வடிப்பது. சாராயம் போல் வெறிக்காது. நாக்கு மரக்கும், உடம்பு சோரும். அளவு மிஞ்சினால் தோல் செதிலாக உரியும். சாராயத்தோடு சேர்க்கக் கூடாது, குடித்துவிட்டுக் கார் ஓட்டவும் கூடாது. அதனால்தான் இரண்டோடு நிறுத்துகிறாளாம்.

யோகாவுக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னாள். வியாழக்கிழமை அரியரத்தினத்தின் திவசம். சிட்னியில் ஐயர் இல்லாத காலம். முறை தெரிந்தவர் ஆனந்தராஜா ஒருவர்தான். அவன் இந்தப் படி ஏறுவதை நிறுத்தினால்தான் நான் ஏறுவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

நாகேஸ்வரி துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"அப்ப ஆனந்தராஜா அண்ணையை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அக்கா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நானே படைக்கிறன்."

"செத்த மனுசனிலும் பார்க்க உனக்கு அவன் பெரிசாப் போனானோ?"

"சனிக்கிழமையிலை இருக்க ஒரு வீடு இல்லாட்டி அவன் பப்புக்குத்தான் போவான். பிறகு இன்னொருத்தி வீட்டிலை திவசம் வரும்."

"அவன் எங்கை போனால் உனக்கென்ன? ஆர் அவன் உனக்கு?"

நாகேஸ்வரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"வழக்கு நடக்கேக்கை கோட்டுக்கு நான் தனியத்தானே போனனான், அக்கா. நீங்கள் ஒருத்தராவது கூட வந்திருந்தால் முகம் தெரிஞ்சிருக்கும். அண்டைக்கு வெறியிலை கார் ஓட்டி வந்து இவரை அடிச்சது அவன்தான்."