உப்பில்லாத உப்புத்தாள்

பழைய பாலிஷின் மேலேயே பூசிய எபாக்சிப் பிசின் அப்பளம்போல் உரிந்து போனதிலிருந்து பலாப்பலகைக்கு மனசே சரியில்லை.

அன்று ஆசாரி, "எங்கே அந்த உப்புத்தாள்?" என்று தேடியதும் பலகைக்குப் பகீரென்றது. "உடம்பெல்லாம் வெடிப்பு, இதுல உப்பு வேறயா?"

"பேருதான் உப்பு. ஒரு கல்லுகூட என்கிட்ட கிடையாதுக்கா," என்று சிரித்தது சொரசொரப்பான உப்புத்தாள். சிரித்துக்கொண்டே, மிச்சமிருந்த பளபளப்பையெல்லாம் பரபரவென்று தேய்த்து எடுத்தது.

"பாவி, இப்படிக் கீறிட்டியே! இனிமே எவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான்?" என்று பலகை அழுதது.

ஆசாரி தூசியைத் துடைத்துவிட்டு எபாக்சியை மறுபடி ஊற்றினார். அது மெல்லப் பரவி, ஒவ்வொரு கீறலுக்குள்ளும் இறங்கியது.

"போன தடவை கால் ஊன்ற இடமில்லாம வழுக்கிட்டுப் போயிட்டேன்," என்றது எபாக்சி. "இப்ப பிடிச்சுக்க இடம் இருக்கு. இனி நீயே போகச் சொன்னாலும் போகமாட்டேன்."